பனி மூடிய கண்ணாடி

ஐம்பத்து மூன்று வயதில் லைசன்ஸ் வாங்கியவள் நான். நான்காவது முயற்சியில். முதல் மூன்று தடவை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்டால் அந்த இன்ஸ்பெக்டரைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன், கதை அங்கேயே நின்றுவிடும்.

லைசன்ஸ் கைக்கு வந்த வாரமே கார் வாங்கினேன். இருபத்தாறு வயதுக் குட்டிக் கார், நாலு கதவு, ஒரு காலத்தில் தக்காளிச் சிவப்பு. விற்றவர் ஒரு பல் டாக்டர். சாவியைக் கையில் கொடுக்கும்போது, "எஞ்சின் சொக்கத் தங்கம். மத்தபடி சின்னச் சின்னக் குறைதான்" என்றார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் "கொஞ்சம்தான் வலிக்கும்" என்பாரே, அதே குரல். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் குறை வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்தது. இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடித்தது. கோயில் வளைவில் எங்கள் பாதிரியார் நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வளைவு முடியும்வரை அலறிக்கொண்டு போனேன். அவர் யாரோ தெரிந்தவர்கள் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் மிலாதின், "ஊருக்கே சொல்லிட்டு வர்றியா?" என்றார்.

மிலாதினைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நல்ல மனிதர். குழாய், ஆணி, பெயின்ட் விற்கும் கடையில் வேலை. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், காற்று. சும்மா வீசும் காற்று இல்லை. எதிரெதிரே இரண்டு பக்கம் திறந்திருந்தால் நடுவில் புகுந்து ஓடுமே, அது. ப்ரோமாயா. காது வலி, கழுத்துப் பிடிப்பு, முகவாதம், சிறுநீரகக் கோளாறு, எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது என்பது எங்கள் நாட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நானும் நம்புகிறவள்தான். ஆனால் மிலாதின் நம்புவதற்கும் நான் நம்புவதற்கும் வித்தியாசம் உண்டு. அவர் ஆகஸ்ட் மாதத்தில் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்.

சரி, கார் எதற்கு என்று சொல்கிறேன். பாலர் பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். கோடையில் அதை மூடிவிட்டார்கள், பிள்ளைகள் இல்லையாம். அதே சமயத்தில் மலைப் பாதையில் தபால் கொண்டுபோகிற ராத்கோ ஓய்வு பெற்றான். கீழே எங்கள் ஊரிலிருந்து உச்சியில் கோர்னி ப்ரேக் வரைக்கும் ஏழு கிராமம். சொந்தக் கார் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று தபால் ஆபீஸ் கதவில் ஒட்டியிருந்தார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். சம்பளத்துக்கு மட்டும் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே சுவரைப் பார்த்து உருளைக்கிழங்கு உரித்தவளுக்கு ஏழு கிராமமும் முப்பத்தெட்டு வளைவும் என்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் அதைத் தூக்கத்தில்கூட ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு போட்டிக்கு இருந்தது ஒரே ஒரு ஆள், கசாப்புக் கடைக்காரரின் மச்சான் வேலிபோர். அவனிடம் ஒரு வேன் இருந்தது. அது நல்ல வேன்தான், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

ஆகவே குறைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். எனக்கு ரிப்பேர் புதிதில்லை. தொண்ணூறு பிள்ளைகளுக்கு மாவு பிசைகிற மெஷின் நின்றுபோனால் ரிப்பேர்காரன் மூன்று நாள் கழித்துத்தான் வருவான், பசி மூன்று நாள் காத்திருக்காது. கழற்றிப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஹாரனுக்கு ஸ்டியரிங்கின் நடு மூடியைக் கழற்றினேன். ஒரு வயரின் தோல் உரிந்து, திருப்பும்போதெல்லாம் இரும்பில் தொட்டுக்கொண்டிருந்தது. டேப் சுற்றினேன், வாய் மூடியது. சைலன்சர் ஓட்டைக்கு பீன்ஸ் டின் ஒன்றை வெட்டி விரித்து, சுற்றி வளைத்து, இரண்டு கிளிப் போட்டு முறுக்கினேன். வைப்பர் கண்ணாடியின் பாதியில் நின்று யோசித்தது. அதன் அடியில் ஒரு நட்டு லூஸ், அவ்வளவுதான். பெட்ரோல் முள் மட்டும் எப்போதும் பாதியிலேயே நின்றது, அதை விட்டுவிட்டேன். பாதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

அடங்காதவை இரண்டு. ஒன்று, கதவு. எவ்வளவு ஓங்கிச் சாத்தினாலும் கடைசி விரற்கடையில் மெத்தையில் மோதினாற்போலத் திரும்பி வரும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் சாத்தினால் சமர்த்தாக மூடிக்கொள்ளும். அதன் தாழ்ப்பாளோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினேன். இன்னொன்று, பனி. வெளியே பனி இல்லை, கார் கண்ணாடியின் உள்பக்கம். மழை நாளில் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் போதும், ஐந்தே நிமிடத்தில் கொதிக்கிற சூப் பானைக்கு மூடி போட்டாற்போல ஆகிவிடும். சூடு காற்று வருகிறது, விசிறியும் சுற்றுகிறது, ஆனால் தெளியாது. துடைத்தால் அந்த இடத்தில் மறுபடியும் வந்து உட்காரும்.

அதற்குத்தான் குவோஸ்தெனைக் கூப்பிட்டேன். மெக்கானிக். எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், அதனால் அவன் எங்களுக்குக் கூம், நான் அவனுக்குக் கூமா. கூம் என்றால் உடன்பிறப்பைவிட ஒரு படி மேலே, திட்டவும் முடியாது, கூலி கொடுக்கவும் முடியாது. சாப்பாடு மட்டும் போடலாம். அவன் காருக்குள் தலையை விட்டான், முகர்ந்தான், கார்பெட்டைத் தூக்கித் தடவினான்.

"ஹீட்டர் ஒழுகல, கூமா. ஒழுகினா இனிப்பா வாடை வரும்."

"அப்போ எங்கிருந்து வருது?"

"கதவு ரப்பர்தான். பழசு. மழைத்தண்ணி உள்ள வருது."

பழைய இரும்புக் கடையிலிருந்து நாலு கதவுக்கும் ரப்பர் கொண்டுவந்து மாற்றினான். மூன்று தட்டு முட்டைக்கோஸ் சுருள் சாப்பிட்டான். அதற்கப்புறம் கார் முன்னைவிட வேகமாகப் பனி மூடியது. கதவு முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. கூம் என்பதால் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

புதன்கிழமை டிரயல். போஸ்ட்மாஸ்டர் திஹோமிர் என்னோடு மேலே கோர்னி ப்ரேக் வரை வந்து, பாதையையும் காரையும் என்னையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அக்டோபர் கடைசி, காலையிலிருந்து மழை. திஹோமிர் ஈரக் கோட்டோடு ஏறி உட்கார்ந்தார். முதல் வளைவு தெரிந்தது. இரண்டாவது பாதி தெரிந்தது. மூன்றாவதில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர்தான் இருந்தது. இடது கையால் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.

"பெர்சா, உங்களுக்கு ரோடு தெரியுதா?" என்றார்.

"தெரியுது சார். கொஞ்சமா."

"எனக்குச் சுத்தமா தெரியல."

"ஜன்னலை இறக்கட்டுமா?"

அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பக்கமுமா? ஈரக் கோட்டோட உட்கார்ந்திருக்கேன். போன மார்ச்சில என் மச்சினி இப்படித்தான் காதைக் கொடுத்துட்டு வந்தா."

நானும் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. கண் தெரியாமல் மலை ஏறிக்கொண்டிருந்த வயதான இரண்டு பேரும், ஜன்னல் திறந்தால் ஆபத்து என்று ஒரே மனதாக இருந்தோம். கடைசியில் யாரோ ஓரத்தில் அடுக்கி வைத்திருந்த விறகுக் குவியலில் கார் மெதுவாக முட்டி நின்றது. நாலு கட்டை உருண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திஹோமிர் இறங்கி, உருண்ட கட்டைகளை எடுத்து அடுக்கிவிட்டு வந்தார்.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம். அன்னிக்கும் இப்படின்னா வேலிபோருக்குக் கொடுத்துடுவேன். உங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல. ஆனா தபால் போய்ச் சேரணுமே."

வீட்டுக்கு வந்து கோபத்தில் வெங்காயம் வெட்டினேன், தேவைக்கு மேல் நாலு வெங்காயம். மிலாதின் என் பின்னால் வந்து நின்று, என் கழுத்தைப் பார்த்து, "வலிக்குதா?" என்றார். என் வேலையே போகப்போகிறது, இவர் கழுத்தை விசாரிக்கிறார். ஏதோ பதில் சொன்னேன். அந்தப் பதில் இங்கே வேண்டாம்.

வியாழக்கிழமை கூம் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தினேன். "கூம், இன்னிக்குள்ள கண்டுபிடிக்கலன்னா உனக்கு இனிமே என் வீட்டில சுருள் கிடையாது" என்றேன். அவன் மிரண்டுபோனான். இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் மறுபடியும் பார்த்தான். கடைசியில் காரைச் சுற்றி நடந்து, முன்கதவைச் சாத்தினான். அது திரும்பி வந்தது. மறுபடி சாத்தினான். மறுபடி வந்தது.

"இது எப்பலேர்ந்து?"

"வாங்கி ரெண்டாவது நாள்லேர்ந்து. தாழ்ப்பாள் சரியில்ல."

"முதல் நாள்?"

யோசித்தேன். முதல் நாள் கதவு நன்றாகத்தான் மூடியது.

அவன் ஜன்னலை இறக்கிவிட்டுச் சாத்தினான், மூடியது. ஏற்றிவிட்டுச் சாத்தினான், மூடவில்லை. அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "கூமா, உள்ள இருக்கிற காத்து வெளிய போக வழியில்லாம கதவைத் தள்ளுது. உன் கார் மூச்சு விடாம உட்கார்ந்திருக்கு."

அதை நிச்சயப்படுத்த ஒரே வழி சிகரெட்தான் என்றான். அவனுடைய மனைவி ரோசந்தா சிகரெட்டை நிறுத்தச் சொல்லி எட்டு மாதம். மாடி ஜன்னலைப் பார்த்து, "இது வேலைக்காகப் பத்த வைக்கிறேன்" என்று முன்கூட்டியே சத்தமாக அறிவித்துவிட்டு, சட்டைக் காலரின் உள்ளிருந்து ஒன்றை எடுத்தான். காருக்குள் பின் சீட்டில் உட்கார்ந்து, விசிறியை முழு வேகத்தில் வைக்கச் சொன்னான். பின் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் தூண் மாதிரி இருக்குமே, அதில் சீப்புப் பல் போலக் கீறல் விட்ட பிளாஸ்டிக் மூடி ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் உள்காற்று வெளியே போக வேண்டுமாம். அவன் அதன் பக்கத்தில் புகையை ஊதினான். புகை அசையவில்லை. அங்கேயே நின்று எங்களைப் பார்த்தது.

மூடியை நெம்பினோம். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ பிதுங்கியது. கூம் விரலை விட்டு இழுத்தான். நீளமாக வந்தது. கம்பளி சாக்ஸ். இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. அந்தப் பக்கத்து மூடியிலிருந்தும் மூன்று. ஆறும் மிலாதினுடையது. ஒன்றில் குதிகாலை நானே பச்சை நூலால் தைத்திருந்தேன். அந்த சாக்ஸ் காணோம் என்று பக்கத்து வீட்டு நாயைப் பதினைந்து நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கூம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிகரெட்டை இன்னொரு இழுப்பு இழுத்தான், வேலை முடிந்த பிறகும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றுதான் தோன்றியது: நான் மலைக்குப் போவது இவருக்குப் பிடிக்கவில்லை, வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் இப்படிச் செய்திருக்கிறார். ஆறு சாக்ஸையும் அவர் சாப்பிடுகிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிடைச்சிருச்சா," என்றார் மெதுவாக.

"யோவ் மிலாதின், நான் வேலைக்குப் போகக்கூடாதுன்னா நேராச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே. பதினைந்து நாளா நான் கதவோட சண்டை போடுறேன், நீ பார்த்துக்கிட்டு நிக்கிற."

"வேலைக்கா? நான் எதுக்கு வேலைக்குப் போகவேணாம்னு சொல்லப்போறேன்?" உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "முதல் நாள் வண்டியிலேர்ந்து இறங்கினதும் கழுத்தைத் தேய்ச்சே. பின்னாடி உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஓட்டை வழியா காத்து ஓடுது, நேரா உன் கழுத்துக்கு. பள்ளிக்கூடத்துச் சமையல்ரூம்ல கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல இருபத்திரண்டு வருஷம் நின்னே. போன குளிர்ல பதினோரு நாள் தலையைத் திருப்ப முடியாமக் கிடந்தே. மறந்துட்டியா? நான் மறக்கல. மலையில தினம் நாலு மணி நேரம் அந்தக் காத்துல உட்காரப்போறே. அடைச்சேன்."

"கண்ணாடியில பனி மூடுதுன்னு தினமும் கத்தினேனே."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் காத்து வர்றதைத்தானே அடைச்சேன். போறதை அடைக்கலையே."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஆளை என்ன செய்வது? பதினோரு நாள் என்று எண்ணி வைத்திருக்கிறார். எனக்கே ஞாபகம் இல்லை. கோபப்படுவதற்கு நான் ஏற்பாடு செய்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன, அவற்றை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. சூப்பை ஊற்றினேன். சாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

"நாளைக்கு நானும் வர்றேன்," என்றார். "தப்பு வண்டி மேலயும் இல்ல, உன் மேலயும் இல்லன்னு திஹோமிர்கிட்ட நானே சொல்றேன்."

வெள்ளிக்கிழமையும் மழை. திஹோமிர் முன்னால், மிலாதின் பின்னால், குல்லா, மப்ளர், மேல் பட்டன்வரை பூட்டிய கோட்டு. மிலாதின் புறப்படும்போதே சாக்ஸ் கதையை ஒப்புக்கொண்டார். திஹோமிர் சிரிக்கவில்லை. "நல்ல யோசனைதானே, நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றார்.

விசிறியைப் போட்டேன். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. விறகுக் குவியல் தெரிந்தது, அதன் மேல் உட்கார்ந்திருந்த பூனை தெரிந்தது, பிளம் மரங்களில் விட்டுப்போன கடைசிப் பழங்கள்வரை தெரிந்தன. முதல் கிராமத்தைத் தாண்டினோம். எனக்குப் பாட வேண்டும்போல இருந்தது. கதவு மூடுகிறது, ஹாரன் கேட்டால்தான் அடிக்கிறது, பீன்ஸ் டின் பூனைபோல உறுமுகிறது.

அப்போதுதான் திஹோமிர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். காதைத் தடவினார். கையை நீட்டி, முகத்துக்கு நேரே காற்று வருகிற துளையைப் பொத்தினார். அது போதவில்லை. கண்ணாடிக்கு அடியிலிருந்து வரும் துளையின் மேல் தன் தபால் நோட்டையும் கையுறைகளையும் வைத்தார்.

"சார், அதை மூடினா கண்ணாடி தெரியாது."

"காத்து காதுக்குப் பின்னாடி ஓடுது, பெர்சா. முன்னாடி வந்து பின்னாடி போகுது. அதுக்குப் பேர்தானே ப்ரோமாயா?"

இரண்டு வளைவில் பனி ஓரத்திலிருந்து ஏற ஆரம்பித்தது. நான் காரை ஓரமாக நிறுத்தினேன். அவர் மனதைக் குளிர வைக்க விசிறியை அணைத்துவிட்டுத் தடவித் தடவி மேலே போயிருக்கலாம். ஆனால் எனக்குச் சட்டென்று அலுத்துப்போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு மலை ஏறுகிறவளாக இருக்கத்தான் இவ்வளவும் பட்டேனா?

"கண்ணு தெரியாம நான் ஓட்ட மாட்டேன் சார். நோட்டை எடுத்தீங்கன்னா மேல போகலாம். இல்லன்னா இங்கேயே நிக்கலாம்."

அவர் நோட்டை எடுக்கவில்லை. கோபமும் படவில்லை, வருத்தப்பட்டார். "ஒண்ணு கண்ணு தெரியல, இல்ல காது போகுது. இந்த வண்டியில உங்களை தினமும் அனுப்பிட்டு நான் எப்படித் தூங்குவேன்? ஒரு மாசத்துல படுத்துடுவீங்க. வண்டியைத் திருப்புங்க, பெர்சா. வேலிபோர்கிட்ட சொல்லிக்கிறேன்."

நான் கியரில் கை வைத்தேன். திருப்புவதற்கு இடம் இருந்தது. அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்றால், ஏழு கிராமமும் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்துக்கொண்டாற்போல இருந்தது.

பின்னால் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. யாரோ ஜன்னல் கைப்பிடியைச் சுற்றுகிறார்கள். திரும்பிப் பார்த்தேன். மிலாதின் இடப்பக்க ஜன்னலை அடிவரைக்கும் இறக்கினார். பிறகு சீட்டில் நகர்ந்து போய் வலப்பக்க ஜன்னலையும் இறக்கினார். நடுவில் வந்து உட்கார்ந்தார். மப்ளரை அவிழ்த்து மடித்து மடியில் வைத்தார். அதற்கப்புறம், கையைக் கொஞ்சம் மேலே கொண்டுபோய், நின்று, குல்லாவைக் கழற்றினார்.

மலைக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது, மழையையும் கொஞ்சம் கொண்டுவந்தது. மிலாதினின் நரைத்த முடி எழுந்து நின்றது. அவர் ஒரு கையால் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திஹோமிர் முழுதாகத் திரும்பிப் பார்த்தார். "மிலாதின், முப்பது வருஷமா உன்னைத் தெரியும். உனக்கு முடி இருக்குன்னு இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

"இருக்கு," என்றார் மிலாதின். பல் கிட்டியிருந்தது. "மேல வரைக்கும் இப்படியே வர்றேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா அவளுக்கும் ஆகாது. பெர்சா, வண்டியை எடு."

திஹோமிர் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தபால் நோட்டையும் கையுறைகளையும் மெல்ல எடுத்துக்கொண்டார். காலடியில் கிடந்த காலித் தபால் பையை எடுத்துத் தன் தலையில் தொப்பிபோலக் கவிழ்த்து, காது மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஓட்டுங்க," என்றார் பைக்குள்ளிருந்து.

ஓட்டினேன். என் வாழ்க்கையில் அப்படி ஓட்டியதில்லை. கண்ணாடி மணிபோலத் தெளிந்திருந்தது. மிச்சமிருந்த வளைவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். கிராமத்துக்குக் கிராமம் ஆட்கள் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். போஸ்ட்மாஸ்டர் தலையில் பை, பின்னால் ஜன்னல்கள் விரியத் திறந்த காரில் குல்லா இல்லாத மிலாதின், நடுவில் சிரித்துக்கொண்டே நான். ஐந்தாவது கிராமத்தில் ஒரு கிழவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். யாருக்காக என்று தெரியவில்லை.

கோர்னி ப்ரேக்கில் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். திஹோமிர் இறங்கினார். பையைக் கழற்றினார், இடது காதில் விரலை விட்டுக் குடைந்தார், வலது காதில் குடைந்தார், விரலைச் சொடுக்கிக் கேட்டுப் பார்த்தார். கடைக்காரி ஆளுக்கொரு சின்ன கிளாஸ் ராக்கியா, எங்கள் ஊர்ப் பழச் சாராயம், கொடுத்தாள். எனக்கு இல்லை, நான் டிரைவர். என்னை டிரைவர் என்று சொல்லி ஒருத்தர் கிளாஸ் தராமல் போனது அதுதான் முதல் தடவை, அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்ல முடியாது.

திஹோமிர் குடித்து முடித்து கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். "திங்கட்கிழமை காலை ஏழு மணி, பெர்சா. கீழ போனதும் காகிதத்தில எழுதித் தரேன்."

அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். கடைக்காரியின் கையையும் குலுக்கினேன், அவளுக்கு எதற்கென்று புரியவில்லை.

திரும்பும்போது திஹோமிர் ராக்கியாவின் புண்ணியத்தில், பையை மறுபடி மாட்டிக்கொண்டு, முதல் வளைவிலேயே தூங்கிப்போனார். மழை விட்டிருந்தது, ஆனால் காற்று முன்னைவிடக் குளிர்ந்திருந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் மிலாதினைப் பார்த்தேன். மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிய, இரண்டு திறந்த ஜன்னலுக்கும் நடுவில் நேராக உட்கார்ந்திருந்தார். பள்ளியில் தண்டனை வாங்கிய பையன்கூட இன்னும் கொஞ்சம் சௌகரியமாக உட்காருவான்.

"மிலாதின்," என்றேன் மெதுவாக, "ஜன்னலை மூடிக்கோ. வேலை கிடைச்சிருச்சு."

அவர் தலையை அசைத்தார். தூங்குகிற போஸ்ட்மாஸ்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவரை எழுப்பிவிடாமல், என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"காகிதத்தில கையெழுத்துப் போடட்டும். அப்புறம் மூடுறேன்."